கேட்டலும் கேண்மையும்

தமிழர் வாழ்வில் செய்தி என்பது காற்றில் வந்து காற்றில் கரைந்து போவதன்று. கேட்டவர்மீது அது ஒரு கடனை ஏற்றுகிறது. மணச்செய்தி கேட்டவர் வாழ்த்தச் செல்வர். நோயுற்ற செய்தி கேட்டவர் பார்த்து வரச் செல்வர். சாவுச் செய்தி கேட்டவரோ, செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் புறப்படுவர். புறப்பட இயலாத தொலைவில் இருக்கும் உறவினரும், செய்தி செவியில் விழுந்தவுடன் தலைமுழுகும் வழக்கம் உண்டு. நல்லதற்குப் போகாவிட்டாலும் துக்கத்திற்குப் போகாமல் இருக்கலாகாது என்று பெரியோர் கூறுவர். கேட்டபின் கேளாதவர்போல் இருந்துவிட்டவரை ஊர் எளிதில் மன்னிப்பதில்லை. சாவு வீட்டிற்குச் சென்று வருவதைத் 'துக்கம் கேட்பது' என்றே மக்கள் வழங்குகின்றனர். அழுதல் என்றோ ஆறுதல் கூறுதல் என்றோ அதற்குப் பெயரிடாமல், கேட்டல் என்று பெயரிட்டிருப்பது எண்ணி வியத்தற்குரியது.

'கேள்' என்னும் சிறு சொல் செவியால் கேட்பதையும் உணர்த்துகிறது. வாயால் வினவுவதையும் உணர்த்துகிறது. அவ்வடிவமே பெயராய் நிற்கும்போது உறவினரையும் நண்பரையும் குறிக்கிறது. கேளிர் என்பதும் கேண்மை என்பதும் தமிழ் மாணவர் அறிந்த சொற்களே. இவற்றின் வேர் ஒன்றா, வேறா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் ஆராயட்டும். கேட்டல், வினவல், உறவாதல் என்னும் மூன்றும் ஒரே ஒலிக்குள் அடங்கியிருப்பது ஒரு வாழ்க்கை நெறியையே சுட்டுவதுபோல் அமைந்திருக்கிறது. ஒன்றைக் கேட்டவர் அதை வினவித் தெளிய வேண்டும். தெளிந்தபின் அச்செய்திக்கு உரியவரோடு உறவாக வேண்டும். முதற்படியிலேயே நின்றுவிட்டவர் செய்தியைக் கேட்டவராகார். செய்தியை வேடிக்கை பார்த்தவரே ஆவார்.

இந்த நெறிக்குப் பெருஞ்சோதனையாக வந்தது கோவிட்-19 நோய். சீனாவின் வூஹான் நகரில் காரணம் அறியப்படாத நுரையீரல் அழற்சி காணப்பட்ட செய்தி 2019ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தை எட்டியது. 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அந்நிறுவனம் அதனை உலகப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுக் கதவுகள் அடைபட்டன. செய்தியின் கதவுகளோ அகலத் திறந்தன. உறவினர் இறந்த செய்தி வந்தாலும் செல்ல இயலாத நிலை. இறுதிச் சடங்கில் பத்துப் பேருக்கு மேல் கூடலாகாது என்று சிங்கப்பூரில் விதி இருந்தது. செல்லும் காலுக்கும் தொட்டுத் தேற்றும் கைக்கும் தடை விழுந்தபோது, செவி ஒன்றே தடையின்றி இருந்தது. செல்ல முடியாதவர், செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால் என்ன கடமையை நிறைவேற்றினார்? அக்காலம் எழுப்பிய அறவினாக்களுள் இது தலையாயது.

செவிக்கு அளவு

மலேசியாவில் அந்நாளில் சுகாதாரத் தலைமை இயக்குநராய் இருந்த நூர் ஹிஷாம் அப்துல்லா செய்தியாளர் முன் தோன்றி நோயுற்றோர் எண்ணிக்கையை அறிவித்து வந்தார். மாலைதோறும் அவ்வறிவிப்பிற்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. சிங்கப்பூரிலும் அன்றாட எண்ணிக்கை மக்களின் அன்றாடப் பேச்சாயிற்று. எழுந்தவுடன் செய்தி, உண்ணும்போது செய்தி, உறங்கப் போகுமுன் மீண்டும் செய்தி. இத்தாலியில் எத்தனை பேர், அமெரிக்காவில் எத்தனை பேர், தம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று மனப்பாடமாகச் சொல்ல வல்லோர் வீட்டிற்கு ஒருவராவது இருந்தனர்.

இவ்வேட்கைக்குக் காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது தற்காப்பு. எங்கே செல்லலாம், எப்போது முகக்கவசம் அணியவேண்டும், தடுப்பூசிக்கு எவ்வாறு பதிந்துகொள்வது என்பவற்றை அறியாமல் அக்காலத்தில் வாழ இயலாது. ஒருவரின் மூச்சு மற்றவரைத் தாக்கக்கூடிய நோயில், அறியாமை தம்மோடு நின்றுவிடும் குறையன்று. பிறரையும் வீழ்த்தும் குறையாகும். இரண்டாவது அச்சம். அச்சம் கொண்ட மனம் தேறுதலைத் தேடிச் செய்தியிடம் செல்கிறது. செய்தியோ அச்சத்தைப் பெருக்கி அனுப்புகிறது. பெருகிய அச்சம் மீண்டும் செய்தியைத் தேடுகிறது. உப்புநீரால் விடாய் தணிக்க முயல்வது போன்றது இது. மூன்றாவது இரக்கம். எங்கோ ஒரு மருத்துவமனையில் மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது தன் மூச்சும் ஒரு கணம் நிற்பதுபோல் உணரும் மனநிலை.

மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். அதே நாற்காலியில் அமர்ந்து, அதே செய்தியைக் கேட்கும் மூவருள், ஒருவர் தற்காப்பிற்கும், ஒருவர் அச்சத்தாலும், ஒருவர் இரக்கத்தாலும் கேட்கக்கூடும். ஏன், ஒரே மனிதர் ஒரே மாலைப்பொழுதில் மூன்று நிலைகளையும் கடந்து செல்லக்கூடும்.

அச்சம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுமாறும், நாளுக்கு ஓரிரு முறை குறித்த வேளைகளில் மட்டும் செய்தியறியுமாறும் உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு மாதத்திலேயே மக்களுக்கு அறிவுரை வழங்கியது. இதனைக் கேட்ட சிலர், 'துன்பத்தைக் கேட்காமல் செவியை மூடிக்கொள்வது தன்னலம் அன்றோ?' என வினவக்கூடும். வினா நேர்மையானதே. ஆயினும், நூறு முறை கேட்பதால் இரக்கம் நூறு மடங்கு பெருகுவதில்லை. முதல் நாள் பத்து இறப்பிற்குத் துடித்த மனம், அறுபதாம் நாள் நூறு இறப்பிற்கும் அசையாமல் தேநீர் பருகியது. அதனை மனத்தின் கொடுமை என்று சொல்லிவிட முடியாது; மனத்தின் எல்லை என்பதே பொருந்தும். எல்லையுள்ள ஒன்றை எல்லையின்றிச் செலவிடுவோர், வேண்டும்போது கையில் இல்லாமல் நிற்பர். இரக்கமும் அத்தகையதே. ஆதலால் செவிக்கு அளவு வைப்பது இரக்கமின்மை ஆகாது. இரக்கத்தைச் சேமித்து வைப்பதாகவே ஆகலாம். எனினும் சேமித்ததை ஒரு நாளேனும் உரியவர்க்குக் கொடுத்தால்தான் அது சேமிப்பு. கொடாது போனால் வெறும் கருமித்தனம்.

வினவாத செவி

கேட்டலுக்கு அடுத்த படி வினவல். இப்படியில் வழுக்கி விழுந்தோர் தொகை மிகப் பெரிது. நோயோடு பொய்ச் செய்தியும் பெருந்தொற்றாய்ப் பரவுவதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தார். எரிசாராயம் நோயைப் போக்கும் என்று நம்பிக் குடித்து ஈரானில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். புதிய தொலைத்தொடர்புக் கோபுரங்களே நோயைப் பரப்புகின்றன என்று நம்பியோர் பிரிட்டனில் கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'புலனம்' எனத் தமிழர் வழங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் கைமருந்துக் குறிப்புகளும் கலக்கமூட்டும் குரற்பதிவுகளும் நாள்தோறும் வலம் வந்தன.

அவற்றை அனுப்பியோர் தீயவர் அல்லர். பெரும்பாலோர் அன்பினாலேயே அனுப்பினர். பேரனுக்கு ஏதும் நேர்ந்துவிடலாகாது என்று அஞ்சிய பாட்டியும், நண்பர் பிழைக்கவேண்டும் என்று விரும்பிய முதியவரும் தமக்கு வந்ததைப் பிறர்க்கும் அனுப்பிவைத்தனர். இங்கேதான் அறவினா கடினமாகிறது. உள்ளம் நல்லதாயின் செயலும் நல்லதாகிவிடுமா? நஞ்சென்று அறியாமல் நஞ்சைப் பரிமாறியவருக்குக் குற்றவுணர்வு இல்லாமல் இருக்கலாம். உண்டவருக்கு அதனால் உயிர் மீளப்போவதில்லை. அறியாமல் செய்தது பொறுக்கத்தக்கது. அறிய வாய்ப்பிருந்தும் அறிய முயலாமல் செய்தது அவ்வாறன்று. அன்பு உண்மையாயின் அது வினவியிருக்கும். பிள்ளைக்கு மருந்து வாங்கும் தாய் சீட்டை இருமுறை பார்ப்பது அன்பில்லாமல் அன்று, அன்பு மிகுந்திருப்பதாலேயே.

வள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டும் ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்று அரசனுக்கு நெறி வகுத்தார். அந்நாளில் அந்நெறி அரசனுக்கு மட்டும் தேவைப்பட்டது. இந்நாளிலோ ஒவ்வொருவர் கையிலும் ஆயிரம் ஒற்றர்கள் வந்து நிற்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு சொடுக்கில் ஆயிரம் பேர்க்கு ஆணை அனுப்புகின்றனர். அரசனின் ஆற்றல் குடிமகன் கைக்கு வந்தபின், அரசனின் கடமை மட்டும் வாராதிருக்க முடியுமா?

இதற்கு மறுப்பாக ஒன்றைச் சொல்லலாம். உறுதியாகாத செய்தியைச் சொல்லவே கூடாது என்று விதித்தால், உண்மையான எச்சரிக்கையும் அடங்கிப்போகும் அன்றோ? வூஹான் நகரத்துக் கண் மருத்துவர் லீ வென்லியாங்கின் வரலாறு இதற்குச் சான்று. சார்ஸ் போன்றதொரு நோய் தோன்றியிருப்பதாக 2019 டிசம்பர் 30ஆம் நாள் உடன்பயின்ற மருத்துவர்களை அவர் எச்சரித்தார். பொய்யுரை பரப்பியதாகக் காவல்துறை அவரைக் கண்டித்துக் கையொப்பம் வாங்கியது. அந்நோய்க்கே இரையாகி 2020 பிப்ரவரி 7ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னர் அக்கண்டனம் திரும்பப் பெறப்பட்டது. வதந்தி என்று முத்திரை குத்தப்பட்டதே உண்மையாய் இருந்தது.

ஆயினும் அம்மருத்துவரையும், வந்ததையெல்லாம் அனுப்புவோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. அவர் தம் துறை சார்ந்த ஒன்றைச் சொன்னார். தம் பெயரோடு சொன்னார். அறிந்தால் பயன்பெறக்கூடிய மருத்துவர்க்குச் சொன்னார். சொன்னதன் விளைவைத் தாமே தாங்கினார். வதந்திக்கோ கண்டவர் இல்லை, பெயர் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. முற்றும் உறுதியானதா என்பது மட்டும் அளவுகோல் அன்று. சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்று நிற்கிறாரா என்பதே சிறந்த அளவுகோல்.

வினவுவோர்க்கு மற்றொரு பண்பும் தேவை. அது பொறுமை. முகக்கவசம் பற்றிய அறிவுரை 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவகையாகவும், சில மாதங்களில் வேறுவகையாகவும் இருந்தது. நலமாயிருப்போர் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று முதலில் கூறிய சிங்கப்பூர், ஏப்ரல் 14ஆம் நாள் முதல் வெளியில் செல்வோர் அனைவரும் அதனை அணிவதைக் கட்டாயமாக்கியது. 'நேற்று ஒன்று, இன்று ஒன்று' என்று பலர் எள்ளினர். ஆயினும் அறிவு வளர்வது இவ்வாறுதான். 1998-1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பரவிய கொடுநோயை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினர். கொசுவை ஒழிக்கப் புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். நோயோ நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் அது முன்னர் அறியப்படாத கிருமி என்று கண்டறிந்த பின்னரே உரிய வழி பிறந்தது. நிப்பா எனப் பெயர் பெற்ற அந்நோயால் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதற்கருத்தை மாற்றிக்கொள்ள அறிஞர் மறுத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் மாண்டிருப்பரோ! புதிய சான்று கண்டு கருத்தை மாற்றிக்கொள்வது பொய்மை ஆகாது. சான்று கண்டும் மாற்றிக்கொள்ள மறுப்பதே பொய்மைக்கு அண்மையது.

எண்ணும் உயிரும்

கேட்டும் வினவியும் தெளிந்த செய்தி பெரும்பாலும் எண்ணாகவே வந்து நின்றது. எண் இன்றி நோயை அளக்க முடியாது; மருத்துவமனைப் படுக்கையை ஒதுக்க முடியாது; ஊரை அடைப்பதா திறப்பதா என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே எண்ணைப் பழிப்பதில் பொருளில்லை. எண்ணைக் கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதே ஆராய்தற்குரியது.

2020 ஏப்ரல் 20ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அவருள் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் நெருக்கமாகத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர். அக்காலத்து அறிவிப்புகளில் விடுதிகளின் எண்ணிக்கை ஒரு புறமும் சமூகத்தின் எண்ணிக்கை ஒரு புறமுமாகத் தனித்தனியே தரப்பட்டன. நோய்த்தடுப்பு நோக்கில் அப்பிரிவினைக்குக் காரணம் உண்டு. இரு சூழலிலும் நோய் பரவும் விதம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. அதிகாரிகள் அவ்வாறு பிரித்துக் கணக்கிட்டதைக் குறை கூறுவதற்கில்லை.

கேட்டவரின் மனத்தில் நிகழ்ந்ததுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. 'ஆயிரத்துக்கு மேல்' என்று கேட்டுத் திடுக்கிட்டவர், 'பெரும்பாலோர் விடுதியில்' என்று அடுத்துக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு அவர் அறியாமலே வந்தது. ஆயினும் அதற்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருந்தது. 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்பதே அத்தீர்ப்பு. அவர்கள் எழுப்பிய அடுக்குமாடி வீட்டில் அமர்ந்துகொண்டு, அவர்கள் இட்ட சாலையைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு, அவர்களைச் சமூகத்திற்கு வெளியே வைத்தது அப்பெருமூச்சு.

அத்தொழிலாளருள் வங்காளதேசத்தவரும் இந்தியரும் மிகுதி. தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் பலர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருள் பலருடைய முன்னோரும் கடல் கடந்து கூலிகளாய் வந்தவரே. 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் மலாயாவைத் தாக்கியபோது தோட்டத் தொழிலாளர் பெரிதும் மடிந்தனர். அவர்களும் லயங்களில் நெருங்கி வாழ்ந்தவரே. அவர்களும் அந்நாளைய கணக்கேடுகளில் தனிப் பத்தியில் எண்ணாய் நின்றவரே. அந்த எண்களைப் பார்த்து அன்று யார் பெருமூச்சு விட்டிருப்பர் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மேலும், எண் முழு உண்மையும் அன்று. விடுதித் தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேர் நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது குருதிச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது 2020 டிசம்பரில் தெரியவந்தது. அன்றாட அறிவிப்புகளில் வந்த எண்ணிக்கையைக் காட்டிலும் அது மிகப் பெரிது. உலக அளவிலும் அவ்வாறே. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கோவிட் இறப்பு என நாடுகள் அறிவித்தவை ஏறக்குறைய 5.4 மில்லியன். வழக்கத்திற்கு மேற்பட்டு நேர்ந்த இறப்புகளோ ஏறக்குறைய 14.9 மில்லியன் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எண்ணப்பட்ட ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எண்ணப்படாத இருவர் நின்றனர் எனலாம். அவர்கள் எந்த மாலையிலும் எவர் செவியிலும் விழவில்லை.

மில்லியன் உயிர்களுக்கும் அழும் ஆற்றல் எவருக்கும் இல்லை. அறம் அதனைக் கேட்கவும் இல்லை. எந்த உயிரையும் கணக்கிற்கு வெளியே தள்ளி அதனால் ஆறுதல் அடையாதிருப்பதை மட்டுமே அது கேட்கிறது. அழ முடியாமல் போவது இயலாமை. 'நல்லவேளை, அவர்கள்தாம்' என்று மகிழ்வது வேறு.

வெள்ளைக் கொடி

கேட்டல் எவ்வாறு கேண்மையாக மலரும் என்பதற்கு மலேசியா ஒரு சான்றைத் தந்தது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நோய் மீண்டும் கடுமையாகப் பரவியது, கட்டுப்பாடுகள் நீண்டன, நாட்கூலி பெற்று வாழ்ந்தோரின் அடுப்பு அணைந்தது. அவ்வேளை, உதவி வேண்டுவோர் தம் வீட்டின் முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும் என்னும் இயக்கம் ஜூன் மாதக் கடைசியில் மக்களிடையே தோன்றிப் பரவியது. கொடியைக் கண்ட அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் அரிசி, முட்டை, பால்மாவு முதலியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். இனமும் சமயமும் அங்கே குறுக்கிடவில்லை. கொடி ஏற்றுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அரசியல்வாதியர் சிலர் குறை கூறியபோதும், மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அந்த வெள்ளைத் துணியும் ஒரு செய்திதான். அதில் எண் இல்லை, தலைப்பு இல்லை, படம் இல்லை. 'இவ்வீட்டில் பசி இருக்கிறது' என்பதே அதன் முழு வாசகம். தொலைக்காட்சிச் செய்தியை அணைத்துவிடலாம், நாளிதழை மடித்துவிடலாம், எதிர்வீட்டுச் சன்னலில் தொங்கும் துணியை யாது செய்வது? கண்டவர் ஒன்று அவ்வீட்டு வாசலுக்குச் செல்லவேண்டும், அல்லது கண்டும் காணாதவராக மாறவேண்டும். இடைப்பட்ட நிலை ஒன்று அங்கே இல்லை.

அதனை ஏற்றியவரின் துணிவையும் மறத்தலாகாது. வறுமையை மறைத்து வாழ்வதே மானம் என்று பழகிய குடும்பம், தன் இல்லாமையை வீதிக்கு அறிவிப்பது எளிதன்று. ஆகவே கேட்டவருக்கும் ஒரு கூடுதல் கடமை உண்டு. கொடுத்த கையையும் பெற்ற முகத்தையும் படம் பிடித்துப் பரப்பினால், ஒருவரின் பசி மற்றொருவரின் புகழுக்குத் தீனியாகிவிடும். உறவினர் வீட்டிற்குக் கொடுத்ததை எவரும் ஊருக்குப் பறை அறைவதில்லை. கேண்மை என்பது கொடுப்பதோடு முடிவதன்று. கொடுத்ததை மறைப்பதிலும் விளங்குவது.

உலகம் முழுவதிலிருந்தும் வரும் துயரச் செய்திகளுக்கெல்லாம் ஒருவரால் ஈடுகொடுக்க முடியாது என்னும் வாட்டத்திற்கும் இக்கொடியில் விடை இருக்கிறது. தொலைவிலுள்ளோர்க்கு ஒருவர் செய்யக்கூடியது பெரும்பாலும் மூன்றே: அவரைப் பற்றிப் பொய் பரப்பாமை, அவரை இகழாமை, இயன்றபோது பொருளுதவி. அண்மையில் உள்ளோர்க்கோ காலும் கையும் கடமைப்பட்டவை. இத்தாலியின் எண்ணிக்கையை மனப்பாடமாக அறிந்தவர், தம் மாடியின் கடைசி வீட்டில் தனித்திருக்கும் முதியவர் உண்டாரா என்பதை அறியாதிருந்தால், அவர் செய்தி அறிந்தவரா?

வகுப்பறையும் கேள்வியும்

இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு தனிப்பொறுப்பு உண்டு. நோய்க்காலம் தமிழுக்குப் புதிய சொற்களைக் கொண்டுவந்து குவித்தது. தனிமைப்படுத்துதல், நோய்த்தடுப்பு, தொடர்பின் தடமறிதல் முதலிய தொடர்களை நாளிதழும் வானொலியும் நாள்தோறும் வழங்கின. ஆங்கிலமும் மலாயும் அறியாத முதியோர்க்கு அத்தமிழ்ச் சொற்களே உயிர்க்கவசமாய் இருந்தன. 'சமூக இடைவெளி' என்னும் தொடரோ ஆராய்தற்குரியது. விலக்கப்பட வேண்டியது உடல் நெருக்கமே அன்றிச் சமூக உறவன்று என்பதால், உடல் இடைவெளி என்று குறிப்பதே தகும் என உலகச் சுகாதார நிறுவனத்தார் 2020 மார்ச்சிலேயே கூறினர். மனிதரை மனிதர் தள்ளிவைத்த நீண்ட வரலாறு உடைய தமிழ்ச் சமுதாயத்திற்கு இவ்வேறுபாடு நன்கு விளங்க வேண்டும். ஒரு சொல் தவறினால் நோயாளி தொலைவில் நிறுத்தப்படுவதோடு நில்லாமல், தாழ்வாகவும் நிறுத்தப்படுவார்.

மொழித்திறன் நான்கனுள் முதலாவதாகக் கேட்டலை வைத்துக் கற்பிக்கின்றனர். ஆயினும் தேர்வறையில் கேட்டல் என்பது, ஒலிப்பதிவைக் கேட்டு விடையைத் தெரிந்தெடுப்பதோடு முடிந்துவிடுகிறது. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வியும், அதனை அடுத்து அறிவுடைமையும் வைக்கப்பட்டிருக்கின்றன. கற்றலுக்கும் அறிவுக்கும் இடையே ஒரு பாலமாகக் கேள்வி நிற்கிறது. அப்பாலத்தை மாணவர் கடக்க, ஒவ்வொரு செய்தியோடும் நான்கு வினாக்களை ஆசிரியர் பழக்கலாம். இதைச் சொன்னவர் யார்? கண்டவர் யார்? இது யாரைப் பற்றியது? இதைக் கேட்டபின் செய்யவேண்டியது யாது? முதல் இரண்டும் வினவலைக் கற்பிக்கும்; பின் இரண்டும் கேண்மையைக் கற்பிக்கும். நான்காம் வினாவிற்கு விடை 'ஒன்றுமில்லை' என்று வருமானால், அச்செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் மாணவர் சற்றே நிற்பர். அவ்வாறு நிற்கப் பழகுவதே பெரும்பயன்.

எஞ்சிய கடன்

கோவிட்-19 உலகளாவிய நெருக்கடிநிலை முடிந்தது என்று 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே மக்கள் எண்ணிக்கையைக் கேட்பதை நிறுத்திவிட்டனர். மாலைதோறும் காத்திருந்த செவிகள் வேறு செய்திகளுக்குத் திரும்பின. போரும் வெள்ளமும் பஞ்சமும் அதே கருவி வழியே, அதே எண்களாக இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. நோய் தணிந்தாலும், கேட்பவர் கடன் தணிவதில்லை.

அக்காலத்திலிருந்தே தீர்க்கப்படாமல் நிற்கும் கடன் ஒன்றும் உண்டு. மலேசியாவில் மட்டும் 37,000-க்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். வேறு காரணங்களால் இறந்தோரும் அந்நாள்களில் ஆளரவமின்றியே வழியனுப்பப்பட்டனர். பத்துப் பேர் சூழ்ந்த சடங்கில் தந்தையை இழந்த மகன் இருக்கிறான். கண்ணாடிக்கு அப்பால் நின்று கணவனிடம் விடைபெற்ற மனைவி இருக்கிறாள். அவர்கள் வீட்டிற்கு அன்று எவரும் வரவில்லை, வர முடியவில்லை. கட்டுப்பாடு நீங்கியபின், காலம் கடந்துவிட்டது என்று பலர் வாளா இருந்துவிட்டனர். துயருற்றோரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டனர்.

துக்கம் கேட்பதற்குக் காலவரையறை எந்த நூலிலும் விதிக்கப்படவில்லை. இன்றும் ஒருவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டலாம், உள்ளே சென்று அமரலாம், 'அன்று வர முடியாமல் போயிற்று, எப்படி நடந்தது?' என்று கேட்கலாம். அவ்வினாவிற்கு விடை நீளமாக இருக்கும். அதனைக் கடைசிவரை கேட்டிருப்பவரே அக்காலத்தின் செய்தியை உண்மையில் கேட்டவர் ஆவார்.